விளக்கு வைத்த பிறகு வரும் சொற்கள்

நெருப்புக்கு என்ன சொல்வோம் என்று கேட்டதற்குத் தைமாலுவின் அம்மா அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையையே உருவிக் காட்டினாள். பட்டப்பகல். வெளியே முற்றத்தில் கோழிகள் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தன.

"ஏன்டி, இது என்னன்னு உனக்குத் தெரியாதா? இதுல வெந்ததத் தின்னுட்டுத்தானே காலேஜுக்குப் போன? எம்.ஏ. முடிச்சவ வந்து ஒண்ணாங் கிளாஸ் பாடம் கேக்குறா பாரு!"

"எனக்குத் தெரியும்மா. நீ சொல்லணும். உன் வாயால சொல்றதைப் பதிவு பண்ணணும்."

"தெரிஞ்சதையே திரும்பத் திரும்பக் கேக்குறவன் போலீஸ்காரன். நீ எப்ப அதுல சேந்த? போ, முறத்துல அரிசி இருக்கு, கல்லு பொறுக்கு."

நேர்காணல் அத்தோடு முடிந்தது. தைமாலு நார்சாரி, தன் வம்சத்திலேயே கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள், செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு கல் பொறுக்கினாள். வேறு வழியில்லாமல் பள்ளி வாத்தியாரிடமும், பஞ்சாயத்துக் கிளார்க்கிடமும், சர்ச் பாஸ்டரிடமும் போய் உட்கார்ந்து சொற்களை வாங்கினாள். அவர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, புத்தகத்தில் இருப்பதையெல்லாம் ஒப்பித்தார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி, அஸ்ஸாமில் அவர்கள் பேசுகிற போடோ மொழியையும் பர்மிய மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ரெண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. எப்போதோ மலைக்கு அந்தப்பக்கம் ஒருத்தி, இந்தப்பக்கம் ஒருத்தி என்று பிரிந்துபோனவை. இன்னும் மூக்கும் முழியும் ஒன்றுபோலவே இருக்கிறது. ரத்தத்துக்கு இங்கே 'துய்', அங்கே 'துவே'. மூன்றுக்கு இங்கே 'தாம்', அங்கே 'தோன்'. மீன் இங்கே 'நா', அங்கே 'ஙா'.

முதல் வருஷம் இதையெல்லாம் எழுத எழுத அவளுக்குப் புல்லரித்தது. ரெண்டாம் வருஷம் எரிந்தது. ஏனென்றால் அந்தப்பக்கம் போனவள் அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள். ராஜாக்கள் அவளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தூணில், மணியில், ஓலையில் எல்லாம் அவள்தான். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவள் எப்படிப் பேசினாள் என்பதற்குக்கூட சாட்சி இருக்கிறது. இந்தப்பக்கம் தங்கினவள் வயலில் குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளுக்கு எந்த எழுத்து என்று முடிவு பண்ணவே ஊர்வலம் போய்க் குண்டடிபட்டுச் செத்திருக்கிறார்கள். கடைசியில் கைக்கு வந்தது தேவநாகரி என்கிற இரவல் எழுத்து. அக்காள் பட்டுப்புடவையில் வந்து நின்றால் கந்தல் கட்டின தங்கச்சிக்கு வயிறு எரியாதா? எரியும். எரியாது என்று சொல்கிறவளைத் தைமாலு நம்பமாட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் பர்மாவின் மாண்டலேயிலிருந்து கின் சண்டா என்ற பேராசிரியை கோக்ராஜாரில் அவள் படிக்கிற பல்கலைக்கழகத்துக்கு வருவதாக இருந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் தாங்கள் சேகரித்ததை அவர்முன் வாசிக்கவேண்டும். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சித்திரையில் மாண்டலேக்கு வரவழைத்து ஒரு வருஷம் தன்னோடு வேலை செய்ய வைப்பார். தைமாலு இதுவரை போன அதிகபட்ச தூரம் குவாஹாட்டி. அங்கேயும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததுதான். அந்த ஒரு இடம் அவளுக்கு வேண்டும். அக்காளின் வீட்டு வாசலில் போய் நின்று, 'நான் வந்திருக்கேன், கதவத் தொற' என்று கேட்கவேண்டும்.

போட்டிக்கு இருந்தவள் அன்சுலி பிரம்மா.

அன்சுலியின் அப்பா போடோ பகுதியை ஆளுகிற கவுன்சிலில் பெரிய அதிகாரி. ஷில்லாங் கான்வென்ட் படிப்பு. இங்கிலீஷ் வாயில் வழுக்கிக்கொண்டு ஓடும், போடோ மட்டும் முழங்கால் மடக்கி நடக்கும். 'சாப்பிட்டியா' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'தாங்கள் உணவருந்தினீர்களா' என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவைப்பாள். ஹாஸ்டல் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க, அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் தைமாலுவுக்குத் தாங்காது. தப்பாகப் பேசிவிட்டுச் சிரிக்க முடிகிறவளுக்கு வாழ்க்கையில் என்ன பயம் இருக்கும்?

"தைமாலு, ஒரு ஹெல்ப். எனக்கு மலையடிவாரத்துல ஒரு கிராமம் வேணும். நம்ம கைடு ஓவாரி சார் உங்க ஊரச் சொன்னார். உங்க வீட்ல நாலு நாள் தங்கிக்கட்டுமா? உங்க அம்மாகிட்டயே கேட்டுப்பேன்" என்றாள் அன்சுலி ஒருநாள்.

தைமாலு யோசிக்கவே இல்லை. "தாராளமா போ. எங்கம்மா நல்லாப் பேசும்."

பேசாது என்று தெரிந்துதான் சொன்னாள். கொள்ளிக்கட்டை வரவேற்பு அவளுக்கும் கிடைக்கட்டுமே.

அன்சுலி போயிருந்த வாரம், சனிக்கிழமை பஸ் பிடித்துச் சிராங்கில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, தைமாலு வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாத்தௌ சாமிக்கு நட்ட முற்றத்துக் கள்ளிச்செடியின் கீழே விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து அம்மா சிரிக்கிற சத்தம். சாதாரணச் சிரிப்பு இல்லை. தொடையைத் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அப்பா பூடான் ரோட்டு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைத் தைமாலு கேட்டதில்லை.

அடுக்களையில் அன்சுலி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள், தைமாலுவின் பழைய தக்னா துணியைச் சுற்றிக்கொண்டு. கறுப்பு உளுந்து போட்ட பன்றிக்கறி அடுப்பில் கொதித்தது. அது விருந்தாளிக்கு மட்டும் வைக்கிற குழம்பு. தைமாலுவுக்கு அம்மா கடைசியாக எப்போது வைத்தாள் என்று நினைவில்லை.

"வாடி. இவ என்ன சொன்னா தெரியுமா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோழியக் கூப்புடச் சொன்னா, கோழிக்கு மரியாதையா 'வாங்க, உட்காருங்க'ங்குறா! கோழி அப்படியே நின்னு பாக்குது இவள!"

"சின்னம்மா திருத்தினாங்க. இப்ப நான் கூப்பிட்டா வருது" என்றாள் அன்சுலி பெருமையாக.

சின்னம்மாவாம். யாருக்கு யார் சின்னம்மா? தைமாலு பையை மூலையில் எறிந்தாள். அப்போதுதான் தறியைப் பார்த்தாள். பச்சையில் சிவப்புக் கரை ஓடும் ஓர் ஆரொனாய் பாதி நெய்து நின்றது. பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் பயணம் போகிறவர்களுக்கும் கழுத்தில் போட்டுவிடுகிற சால்வை. மலைமலையாக ஏறி இறங்கும் பூவேலை. அம்மா எல்லாருக்கும் அதைப் போடமாட்டாள், கண் வலிக்கும் என்பாள்.

"யாருக்கும்மா இது?"

"பர்மாவுக்குப் போறவளுக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அன்சுலியைப் பார்த்து, "அங்க கலர் எல்லாம் எப்படிக் கட்டுவாங்க? பச்சை சரியா வருமா?" என்று கேட்டாள்.

"சூப்பரா வரும் சின்னம்மா."

அப்புறம் குழம்பு தைமாலுவுக்கு இறங்கவில்லை. அன்சுலி ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். எலும்பைக்கூட விடவில்லை.

கோக்ராஜார் திரும்பின பிறகு அன்சுலி ஹெட்போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு தைமாலுவின் அறைக்கு வந்தாள். ஒருத்தர் சேகரித்ததை இன்னொருத்தர் சரிபார்க்கவேண்டும் என்பது ஓவாரி சாரின் விதி.

"நீதான் ஊர்க்காரி. எனக்குக் காது பத்தாது. ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லு, ப்ளீஸ்."

தைமாலு ஹெட்போனை மாட்டினாள். அம்மா காதுக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால் பானை கொதிக்கிறது, பன்றி உறுமுகிறது, யாரோ விறகு ஒடிக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை சொல்கிறாள். பல்லுக்குத் தன் முதல் பல் விழுந்த கதை. தண்ணீருக்கு ஆறு கரை தாண்டி வந்த கதை. ரத்தத்துக்குத் தைமாலு பிறந்த கதை. பிரசவத்தில் தான் செத்துப் பிழைத்ததை அம்மா யாரோ ஒரு கான்வென்ட்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தைமாலுவிடம் அதைச் சொன்னதே இல்லை.

தைமாலு அசையாமல் கேட்டாள்.

அப்புறம்தான் அது வந்தது. அன்சுலி அடுப்பைக் காட்டி, "சின்னம்மா, இதுக்கு என்ன?" என்கிறாள். அம்மா குரலைத் தாழ்த்தி, "சிவந்தவ" என்கிறாள். பாம்பு? "கயிறு." புலி? "காட்டு மாமா." யானை? "பெரியவர்."

தைமாலுவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அறுவடைக்காலம். அம்மா பகலெல்லாம் வயலில் இருப்பாள், அன்சுலிக்குக் கிடைத்தது அந்தி நேரம் மட்டும்தான். அந்த ஊரில் கள்ளிச்செடிக்கு விளக்கு வைத்த பிறகு இவற்றின் பெயரை எவரும் வாயில் எடுக்கமாட்டார்கள். பெயரைச் சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்து நிற்குமாம். கூரையெல்லாம் புல், மலையிலிருந்து யானை இறங்குகிற ஊர். சும்மாவா பயப்படுவார்கள்? மூன்று வயசுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் அன்சுலிக்கு எப்படித் தெரியும்? பிரம்மா வீட்டார் மூன்று தலைமுறைக்கு முன்னாலேயே பாத்தௌவை விட்டுவிட்டு வேள்வி வளர்க்கிற பக்கம் போனவர்கள். காலையும் மாலையும் நெருப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நெய் ஊற்றுகிறவர்கள். நெருப்பின் பெயரைச் சொல்லப் பயப்படுகிற வீடு ஒன்று இருக்கும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றாது.

"எப்படி இருக்கு?" அன்சுலி நகத்தைக் கடித்தாள். "பர்மியத்தோட நெறைய ஒத்துப்போகுது. ஆனா நெருப்பு, பாம்பு, புலி எல்லாம் எங்கியோ போகுது. நான் தப்பா எழுதிட்டேனா?"

ஒரு வார்த்தை. 'பகல்ல போய் மறுபடி கேளுடி லூசு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தைமாலு ஹெட்போனைக் கழற்றினாள். காது சூடாக இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்கம்மா சொன்னதத்தானே எழுதியிருக்க?"

"ஆமா."

"அப்பறம் என்ன."

அன்சுலி அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

கின் சண்டா வந்த அன்றைக்குக் கோக்ராஜாரில் பனி கொட்டியது. தலையில் பூ, தரை தொடும் லுங்கிப் பாவாடை, கன்னத்தில் சந்தனம் போல ஏதோ பூச்சு. தைமாலு பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் திகைத்தாள். அசப்பில் அம்மாதான். வெயிலில் வேகாத அம்மா, கை காய்த்துப்போகாத அம்மா. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பிடுங்கி எறியவேண்டும் போலவும் இருந்தது.

தைமாலு முதலில் வாசித்தாள். அவள் பட்டியலில் ஒரு பிசிறு இல்லை. வாத்தியாரும் கிளார்க்கும் பாஸ்டரும் ஒரே குரலில் சொன்ன சொற்கள், பக்கத்தில் பர்மியச் சொற்கள், நடுவில் கோடு. பேசி முடித்ததும் கின் சண்டா இங்கிலீஷில், "மிகவும் சுத்தமாக இருக்கிறது" என்றார். வீட்டைக் கூட்டிப் பெருக்கினவளிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டார்.

அடுத்தது அன்சுலி. தைமாலு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

நெருப்பு வந்தது. கின் சண்டாவின் புருவம் ஏறியது. பாம்பு வந்தது, புலி வந்தது. "ஒரு நிமிடம்" என்று கையை உயர்த்தினார். "இவை எதுவும் எனக்குப் புரியவில்லையே. சற்றுமுன் வாசித்த பெண்ணின் பட்டியலில் வேறாக இருந்தது."

அன்சுலிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கும் புரியலை மேடம். ஆனா அவங்க அப்படித்தான் சொன்னாங்க. நாலு நாளும் அதையேதான் சொன்னாங்க. நான் மாத்தலை."

இப்போது விழுவாள் என்று தைமாலு காத்திருந்தாள்.

விழவில்லை. ஓவாரி சார் எழுந்துகொண்டார். அவரும் டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவர். "சுவாரசியமா இருக்கே! மலையடிவாரத்துல தனி வட்டார வழக்கு ஒண்ணு இருக்கு போல. இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணாதது. அன்சுலி, இது பெரிய விஷயம்மா!" அறை முழுக்கச் சலசலத்தது. பின்வரிசையில் ஒருத்தன் கைதட்டக்கூடச் செய்தான். கின் சண்டா பேனாவைத் திறந்தார்.

தைமாலுவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தப்பு செய்தாலும் இவளுக்கு மெடல். கண்ணை மூடிக்கொண்டு சாணியில் கால் வைத்தாலும் இவளுக்குப் புதையல். தான் எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

"வட்டார வழக்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சார்!" போடோவில்தான் கத்தினாள். அப்புறம்தான் இங்கிலீஷுக்கு மாறினாள், அதுவும் திக்கித் திணறி. "பகல்ல கேட்டா எங்க ஊர்லயும் நெருப்பு நெருப்புதான், பாம்பு பாம்புதான். இவ விளக்கு வெச்ச பொறகு போய்க் கேட்டிருக்கா. அந்நேரத்துக்கு எங்க ஊர்ல எவளும் அதுங்க பேர வாயில எடுக்கமாட்டா. கயிறு, மாமான்னு வேற பேர் சொல்லித்தான் பேசுவோம். இது தெரியாம ஒரு மொழி ஆராய்ச்சி! எந்த நேரத்துல கேட்டோம்னுகூட எழுதலை!"

கின் சண்டா மெல்ல எழுந்தார். அவர் கண் தைமாலுவின் மேல் இல்லை, திரையில் இருந்த சொற்களின் மேல் இருந்தது.

"எங்கள் கிராமத்திலும் பாம்புக்கு இரவில் கயிறு என்றுதான் சொல்வார்கள்" என்றார். "நான் அதை மறந்தே போயிருந்தேன். என் அம்மா அப்படித்தான் சொல்வாள்."

"அதனால என்ன மேடம்? பாம்பப் பாத்தா எல்லா ஊர்லயும் கயிறு ஞாபகம்தான் வரும். அது உறவுக்குச் சாட்சி இல்ல" என்றாள் தைமாலு. விடக்கூடாது என்று இருந்தது.

"சரியாகச் சொன்னீர்கள். சாட்சி இல்லை. ஆனால் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள், எந்த நேரத்தில் கேட்டோம் என்று." அவர் குரலில் சூடு ஏறியது. "நாம் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிற பழைய பட்டியல்கள் இருக்கின்றனவே, வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியவை? பகலெல்லாம் குதிரையில் சுற்றிவிட்டு, மாலையில் கூடாரத்தில் விளக்கேற்றி வைத்துக்கொண்டுதானே கிராமத்தாரைக் கூப்பிட்டார்கள்? ஒத்துவரவில்லை என்று நாம் தள்ளிவைத்த சொற்களில் எத்தனை விளக்குக்குப் பிந்தைய சொற்களோ! எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கவேண்டும்." அன்சுலியின் பக்கம் திரும்பினார். "உங்களிடம் முழு ஒலிப்பதிவும் இருக்கிறதா?"

"இருக்கு மேடம்."

"பிடிபடாததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருந்தீர்கள். நல்லது."

அப்போது எவரோ பொத்தானைத் தட்ட, திரையில் அன்சுலியின் கடைசிப் பக்கம் வந்து நின்றது. பெரிய எழுத்தில் நன்றி. அதன் கீழே, 'சரிபார்த்துக் கொடுத்தவர்: என் தோழி தைமாலு நார்சாரி.'

ஓவாரி சார் அதை வாசித்தார். தைமாலுவைப் பார்த்தார். மறுபடி அதை வாசித்தார். "தைமாலு, நீ இதக் கேட்டியா, முன்னாடியே?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. வாயில் வரவில்லை.

"கேட்டேன் சார்."

"அப்ப ஏன்மா சொல்லல?"

தைமாலு நாற்காலியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அன்சுலி அவளைக் கேண்டீனுக்குப் பின்னால் பிடித்தாள். அழுவாள் என்று தைமாலு எதிர்பார்த்தாள். அழுதால் லேசாக இருந்திருக்கும்.

"நீ தெரிஞ்சேதான் விட்டியா?"

"ஆமா."

"நான் அங்க நின்னு நாறணும்னு?"

"ஆமாங்குறேன்ல."

"ஏன்டி? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"எங்க வீட்ல உக்காந்து எங்கம்மாவச் சிரிக்க வெச்ச." சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. "உனக்கு அப்பா இருக்காரு, கார் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. எனக்கு இருந்தது அந்த ஒரு அடுப்பங்கரை. அங்கயும் வந்து ரெண்டு தரம் கொழம்பு வாங்கித் தின்ன."

அன்சுலியும் விடவில்லை. "எனக்கு ஒன்னப் பாத்து எவ்ளோ எரிச்சல்னு தெரியுமா? நீ தூக்கத்துல பேசுனாக்கூட போடோவுலதான் பேசுற. நான் எங்கம்மாவத் திட்டுறதுக்குக்கூட இங்கிலீஷ்லதான் யோசிக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நான் ஒன்ன நாற வெக்கல."

போய்விட்டாள். மாலையில் பலகையில் பெயர் ஒட்டினார்கள். அன்சுலி பிரம்மா. கின் சண்டா கிளம்புமுன் தைமாலுவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் கோபத்தில் சொன்னது எனக்கு மிகவும் பயன்படும். கட்டுரையில் உங்கள் பெயரையும் போடுவேன்" என்றார். தைமாலு தலையாட்டினாள். கட்டுரையில் பெயர் வந்தால் மாண்டலே தெருவில் நடந்த மாதிரி ஆகிவிடுமா?

வீட்டுக்குப் போனபோது அம்மா தறியில் இருந்தாள். தைமாலு வாசல் தூணில் சாய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அன்சுலியைத் திட்டினாள், ஓவாரி சாரைத் திட்டினாள், ராஜாக்களையும் கல்வெட்டுகளையும் திட்டினாள். கடைசியில் அம்மாவிடம் வந்தாள்.

"நான் கேட்டா கொள்ளிக்கட்டையத் தூக்குன. அவ கேட்டா மட்டும் கதை கதையா வருதா? நான் பொறந்த கதை அவளுக்கு எதுக்கு?"

அம்மா தறி நாடாவை நிறுத்தவில்லை. "அவ தப்புத் தப்பாப் பேசுவா, நான் திருத்துவேன். நல்லாருந்துச்சு. நீ எட்டாங் கிளாஸ் போனதுலேருந்து நான் எதச் சொன்னாலும் நீதான திருத்துற? 'அப்படிச் சொல்லக்கூடாதும்மா, இப்படிச் சொல்லணும்மா'ன்னு. நீ அந்தப் போன நீட்டுனா எனக்குப் பரீட்சைக்கு உக்காந்த மாதிரி இருக்குடி. வாயே வரல."

தைமாலு தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அது பொய் என்று சொல்ல முடியவில்லை.

அம்மா கடைசி இழையைத் தட்டி, கத்தியை எடுத்துத் தறியிலிருந்து ஆரொனாயை அறுத்தாள். உதறி மடித்து அவள் மடியில் வைத்தாள்.

"இது அவளுக்குத்தான நெய்த" என்றாள் தைமாலு.

"எவளுக்கு?"

"அன்சுலிக்கு. பர்மா போறவளுக்குன்னு நீதான சொன்ன."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "போறது நீதான்னு நெனச்சுச் சொன்னேன்டி. வேற எவள நெனப்பேன்? உன்கிட்ட கலர் கேட்டா எரிஞ்சு விழுவ, அதான் அவகிட்ட கேட்டேன்."

முற்றத்தில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தைமாலு சால்வையின் மேல் கையை வைத்தாள். மலைமலையாக ஏறி இறங்கியது.

"அப்ப நானே வெச்சுக்குறேன்."

"அது ஆகாது." அம்மா எழுந்து விளக்கைத் துடைத்தாள். "உன் பேரச் சொல்லி நெய்யல. போறவளுக்குன்னு வாயால சொல்லி நெய்தாச்சு. சொல்லி நெய்தத போறவளுக்குத்தான் போடணும். மாத்தினா வழியில காலு தடுக்கும், அவளுக்கும் நமக்கும். நீயே போய்ப் போட்டுட்டு வா."

"நான் போடமாட்டேன்."

"போடுவ." அம்மா திரியை நிமிண்டி விட்டாள். "கண்ணாடி போத்தல்ல ஊறவெச்ச மீன் இருக்கு, அதையும் குடுத்துரு. அந்தப் புள்ளைக்குப் புடிக்கும்."

பைசாகு புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்த வாரம் கோக்ராஜார் ஸ்டேஷனில் அன்சுலியின் வீட்டார் மொத்தமும் நின்றிருந்தார்கள். அப்பா, அம்மா, அத்தைகள், டிரைவர், நாலு பெட்டி. தைமாலு கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அன்சுலி அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். கேண்டீனுக்குப் பின்னால் பேசின பிறகு ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

தைமாலு மீன் போத்தலை அவள் கையில் திணித்தாள். "எங்கம்மா குடுத்துச்சு. மூடியத் தொறந்தா வண்டியே காலியாயிடும், பாத்துக்க."

அன்சுலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் தைமாலு ஆரொனாயை விரித்து அவள் கழுத்தில் போட்டாள். பச்சை அவளுக்குப் பொருந்தியது. பொருந்தவே கூடாது என்று ரயில்வே கேட் வரைக்கும் வேண்டிக்கொண்டு வந்தாள், ஆனாலும் பொருந்தியது. அன்சுலி சால்வையின் பூவைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி முகம் மாறியது.

"இது... சின்னம்மா உனக்காக..."

"வாய மூடு. போறவளுக்கு நெய்தது. நீதான போற?"

"மறுபடி பகல்ல எல்லாத்தையும் பதிவு பண்ணணும்னு மேடம் கேக்குறாங்க. உங்க ஊர்ல. நீ பண்ணி அனுப்புவியா?"

"எங்கம்மா எனக்கு வாயத் தொறக்காது."

"நீ தப்புத் தப்பாக் கேளு. சின்னம்மா திருத்துவாங்க."

தைமாலுவுக்கு அவள் பல்லைப் பெயர்க்கவேண்டும் போல இருந்தது. ரயில் ஊதியது. ஆரொனாயின் ரெண்டு முனையையும் பிடித்து முன்னால் கொண்டுவந்து ஒரு முடிச்சுப் போட்டாள். அம்மா போடுகிற மாதிரி. கொஞ்சம் கூடுதலாக.

"ஏய், ரொம்ப இறுக்குற" என்றாள் அன்சுலி.

"இருக்கட்டும். அங்க குளிரும்."

"சித்திரையில மாண்டலேல எங்கடி குளிரும்? வெயில் கொளுத்துமாம்."

"தெரியும்" என்றாள் தைமாலு. முடிச்சை இன்னும் ஒரு இழு இழுத்துவிட்டுக் கையை எடுத்தாள்.